பாராளுமன்ற அங்கத்தினரின் பதிவேட்டைப் படித்தல்

(கூட்டுறவுக் கல்விப் பகுதி)

நமது சங்கங்களின் மினிட் புஸ்தகத்தைப் புரட்டிப் பார்த்த அங்கத்தினர்கள் ஒரு வாக்கியத்தை அடிக்கடி கண்டிருப்பார்கள். "திரு. இன்னார் பிரேரேபிக்க, திரு. இன்னார் ஆமோதிக்க, தீர்மானம் நிறைவேறியது" என்பதே அது. மூன்று வருஷம் கழித்து அத்தீர்மானத்தால் சங்கத்திற்கு நஷ்டம் நேர்ந்து, "அன்று இதற்குக் கை தூக்கியவர் யார், யார்?" என்று ஒருவர் எழுந்து கேட்டால், புஸ்தகம் இரண்டு பெயர்களை மட்டும் சொல்லி வாய் மூடிக்கொள்ளும். மற்றவர்கள் கூட்டத்திற்கு வந்திருந்தார்கள் என்பதற்குக் கையெழுத்து இருக்கும். எந்தப் பக்கம் இருந்தார்கள் என்பதற்கு ஒன்றும் இராது. இருநூறு பேர் அடங்கிய சங்கத்தில் இது பெரிய குறையன்று; ஊரார் ஞாபகத்தில் வைத்திருப்பார்கள். ஆனால் நூலையும் விளைபொருளையும் கூட்டுறவுச் சங்கத்தின் அமைப்பையுமே தொடுகின்ற சட்டங்களை இயற்றும் பாராளுமன்றத்திலும் பெரும்பாலும் இதே நிலைமைதான் என்பதை நம்மில் பலர் அறியார்.

தேர்தல் நெருங்கும்போது துண்டுப் பிரசுரங்கள் வருகின்றன. நமது அங்கத்தினர் இத்தனை மசோதாக்கள் கொண்டுவந்தார், இத்தனை கேள்விகள் கேட்டார், நூற்றுக்கு இத்தனை நாள் ஆஜரானார் என்று கணக்குக் கொடுக்கப்படுகிறது. இத்தகைய கணக்குகளைச் சேகரித்து வெளியிடும் ஸ்தாபனங்களும் இன்று உள்ளன. அவை நல்ல வேலையே செய்கின்றன. எனினும் தறியில் எத்தனை கெஜம் ஓடிற்று என்பதை மட்டும் கேட்டுவிட்டுத் துணியைத் தொட்டுப் பாராமல் கூலி கொடுப்பவர் உண்டா? எண்ணிக்கையின் பின்னால் இருப்பதைத் தொட்டுப் பார்க்கும் முறையைக் கற்றுக்கொள்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

முதலில் மசோதாவை எடுத்துக்கொள்வோம். பாராளுமன்றத்தில் மசோதா இரண்டு வழிகளில் வருகிறது. மந்திரி ஒருவர் கொண்டுவருவது சர்க்கார் மசோதா. மந்திரியல்லாத எந்த அங்கத்தினரும் கொண்டுவருவது தனி அங்கத்தினர் மசோதா. எதிர்க்கட்சியார் கொண்டுவருவதே தனி அங்கத்தினர் மசோதா என்று பலர் எண்ணுகின்றனர், அது தவறு. ஆளுங்கட்சியைச் சேர்ந்தவராயினும் மந்திரி பதவியில் இல்லாதவர் தனி அங்கத்தினரே. இவர்களுடைய அலுவலுக்கென்று வெள்ளிக்கிழமை பிற்பகலில் இரண்டரை மணி நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது. அதுவும் ஒரு வாரம் மசோதாக்களுக்கு, மறுவாரம் தீர்மானங்களுக்கு என்று பிரிந்துபோகும். வெள்ளிக்கிழமை பிற்பகலில் சொந்தத் தொகுதிக்குப் பிரயாணப்படுகிற அங்கத்தினர்கள் அனேகர் என்பதால் சபை பெரும்பாலும் வெறிச்சென்றிருக்கும்.

மசோதாவை அறிமுகம் செய்வது கடினமன்று. முன்னறிவிப்புக் கொடுத்து, முறை வந்தபோது எழுந்து அனுமதி கோரினால், சபை சம்பிரதாயமாக அனுமதி அளித்துவிடும். அறிமுகமான மசோதா விவாதத்திற்கு எடுத்துக்கொள்ளப்படுவதே அரிது. நிறைவேறுவது அதனினும் அரிது. முதல் பொதுத் தேர்தலுக்குப் பின் 1952-இல் பாராளுமன்றம் கூடியது முதல், இரு சபைகளிலும் நிறைவேறிச் சட்டமான தனி அங்கத்தினர் மசோதாக்கள் 14 மட்டுமே. அவற்றுள் கடைசியானது, கிரிமினல் அப்பீல்களில் சுப்ரீம் கோர்ட்டின் அதிகாரத்தை விரிவாக்கிய சட்டம். அது 1970-இல் அமுலுக்கு வந்தது. அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று; வேறொன்றும் அக்கரை சேரவில்லை. ஆகவே "பத்து மசோதா கொண்டுவந்தார்" என்ற பெருமையைக் கேட்டால், பத்து விண்ணப்பங்கள் எழுதிக் கொடுத்தார் என்று பொருள் கொள்வதே நியாயம்.

அப்படியானால் இம்மசோதாக்கள் வீண்தானா? அல்ல. இரண்டு உதாரணங்களைக் கவனிப்போம்.

ரேபரேலித் தொகுதியிலிருந்து வந்த பெரோஸ் காந்தி ஆளுங்கட்சி அங்கத்தினர். பிரதம மந்திரி நேருவின் மருமகன். சபையில் ஓர் அங்கத்தினர் பேசியதற்காக அவர்மீது வழக்குத் தொடர முடியாது. இந்தப் பாதுகாப்பை அரசியல் சட்டமே அளித்திருக்கிறது. ஆனால் அப்பேச்சை உள்ளபடி அச்சிட்ட பத்திரிகைக்கு அன்று அந்தப் பாதுகாப்பு இல்லை. பேசுவதற்குப் பயமில்லை, அதை ஜனங்களுக்குத் தெரிவிப்பதற்குப் பயம் என்ற விசித்திரமான நிலைமை. இதை மாற்ற அவர் கொண்டுவந்த மசோதா 1956-இல் சட்டமாயிற்று. பாராளுமன்ற நடவடிக்கையைப் பெரும்பாலும் உண்மையாக, தீய நோக்கமின்றி வெளியிடுவோருக்குச் சிவில் வழக்கும் கிரிமினல் வழக்கும் இல்லை என்று அது விதித்தது. 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், அச்சட்டம் ரத்துச் செய்யப்பட்டது. ரத்துச் செய்த சர்க்காரின் தலைவியாக இருந்தவர் அவருடைய மனைவி இந்திரா காந்தி. அவர் அதைக் காண உயிருடன் இல்லை, 1960-லேயே காலமாகிவிட்டார். 1977-இல் சட்டம் மீண்டும் இயற்றப்பட்டது; 1978-ஆம் ஆண்டின் 44-ஆவது திருத்தத்தால் அப்பாதுகாப்பு அரசியல் சட்டத்திலேயே இடம் பெற்றது. இன்று நாம் பத்திரிகையில் பாராளுமன்றச் செய்தியைப் படிக்க முடிகிறதென்றால், அதில் அவருடைய மசோதாவுக்கும் பங்கு உண்டு.

இரண்டாவது உதாரணம் நமது பக்கத்தது. ராஜ்ய சபை அங்கத்தினர் திருச்சி சிவா, திருநரின் உரிமைகளுக்கான ஒரு மசோதாவை 2014-இல் கொண்டுவந்தார். 2015 ஏப்ரல் 24-ஆம் தேதி ராஜ்ய சபை அதனை ஏகமனதாக நிறைவேற்றியது. தனி அங்கத்தினர் மசோதா ஒன்று அச்சபையில் நிறைவேறியது பல ஆண்டுகளில் அதுவே முதல் தடவை. ஆனால் லோக் சபையில் அது நிறைவேறவில்லை. சர்க்கார் தனியே ஒரு மசோதாவை 2016-இல் கொண்டுவந்தது. வேறு வாசகத்துடன் 2019-இல் சட்டம் பிறந்தது. சட்டமாகவில்லை என்பதால் சிவாவின் மசோதா தோற்றது என்று கணக்கெழுதுவதா? அவரது மசோதா ஒரு சபையைக் கடந்திராவிட்டால் சர்க்கார் அத்தனை விரைவில் அவ்விஷயத்தைக் கையில் எடுத்திருக்குமா என்பது யோசிக்கத்தக்கது. சர்க்காரின் வாசகத்தைத் திருநர் பலர் ஏற்கவில்லை என்பதும் இங்கே சொல்லப்பட வேண்டியதே. கணக்கேட்டில் இவ்விரண்டு அங்கத்தினருக்கும் "மசோதா: 1" என்ற ஒரே எண்தான் விழும்.

நிற்க. மசோதாவைக் காட்டிலும் வாக்குப் பதிவே முக்கியமென்று சிலர் கூறுவர். அங்கத்தினரின் உண்மையான நிறம் வாக்களிக்கும்போது தெரியும் அல்லவா என்பது அவர்கள் வாதம். இதில் உண்மை உண்டு. ஆனால் வாக்குப் பதிவு என்று ஒன்று இருந்தால்தானே படிப்பதற்கு?

சபையில் ஒரு விஷயம் முடிவுக்கு வரும்போது, தலைவர் "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க" என்ற கருத்தில் கேட்கிறார். இரு குரல்களையும் கேட்டு, ஆம் என்றோரே மிகுதி என்று தம் அபிப்பிராயத்தைச் சொல்லுகிறார். ஒருவரும் மறுக்காவிட்டால் அதுவே முடிவு. இதுதான் குரல் வாக்கெடுப்பு. இதில் எவர் பெயரும் எழுதப்படுவதில்லை. தலைவர் சொன்னதை ஓர் அங்கத்தினர் ஆட்சேபித்து, எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், மணி அடித்து, கதவுகளைச் சாத்தி, அவரவர் ஆசனத்திலுள்ள பொத்தானை அழுத்தச் செய்வார்கள். ஏற்போருக்குப் பச்சை, மறுப்போருக்குச் சிவப்பு, நடுநிலை வகிப்போருக்கு மஞ்சள். இதனை டிவிஷன் என்பர். அப்போதுதான் பெயர்ப்பட்டியல் பிறக்கிறது. அவசியமின்றிக் கேட்கிறார்கள் என்று கருதினால், லோக் சபையின் தலைவர் இரு தரப்பாரையும் முறையே எழுந்து நிற்கச் சொல்லித் தலைகளை எண்ணிவிடவும் விதி உண்டு. அப்போதும் பெயர்கள் பதிவாவதில்லை. மிகப் பெரும்பாலான மசோதாக்கள் குரலோடு முடிந்துபோகின்றன.

பயிர்த்தொழில் செய்யும் நம் அங்கத்தினர்களுக்கு இதன் விளைவு 2020-ஆம் ஆண்டில் நேராகவே வந்து சேர்ந்தது. மார்க்கெட் கமிட்டி வளாகத்துக்கு வெளியே விளைபொருளை விற்பது, கம்பெனிகளுடன் முன்விலை ஒப்பந்தம் செய்வது, அத்தியாவசியப் பண்டங்களின் இருப்பு வரம்பைத் தளர்த்துவது ஆகிய இவற்றைப் பற்றிய மூன்று சட்டங்கள் அவ்வருஷம் செப்டம்பரில் நிறைவேறின. லோக் சபையில் குரல் வாக்கெடுப்பே நடந்தது. செப்டம்பர் 20-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அவற்றில் இரண்டு ராஜ்ய சபைக்கு வந்தன. மசோதாக்களைத் தெரிவுக் கமிட்டிக்கு அனுப்ப வேண்டும் என்று பிரேரணை கொடுத்திருந்தவர்களில், மேலே சொன்ன திருச்சி சிவாவும் ஒருவர். பெயர்ப்பதிவு வேண்டும் என்று எதிர்த்தரப்பார் கேட்டனர். கூச்சலும் குழப்பமும் நிறைந்திருந்தது. குரல் வாக்கெடுப்பிலேயே மசோதாக்கள் நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டது. சபை ஒழுங்காக இல்லை, ஆசனத்தில் இருந்தபடி எவரும் கேட்கவில்லை என்பது தலைமை தாங்கியவர் பக்கத்து விளக்கம். ஆசனத்தில் இருந்தே கேட்டோம் என்பது கேட்டவர்களின் வாதம். மறுநாள் எட்டு அங்கத்தினர்கள் சஸ்பெண்டு செய்யப்பட்டார்கள்.

அச்சட்டங்கள் நல்லவையா, தீயவையா என்பது இப்பாடத்தின் பொருளன்று. நம் சங்கங்களிலேயே இரு கருத்தினரும் உண்டு. ஆனால் டில்லியின் எல்லையில் விவசாயிகள் ஒரு வருஷத்திற்கு மேல் சாலையில் கிடந்த விஷயம் அது. சட்டத்தை வரவேற்ற விவசாயி, "எனக்காக ஆம் என்றவர் இவர்" என்று ஒரு பெயரைச் சுட்ட முடியாது. எதிர்த்தவரும், "இவர் இல்லை என்றிருக்க வேண்டும், ஆம் என்றுவிட்டார்" என்று பதிவேட்டைக் காட்டிக் கேட்க முடியாது. 2021 நவம்பர் 29-ஆம் தேதி மூன்று சட்டங்களையும் ரத்துச் செய்யும் மசோதா பாராளுமன்றத்துக்கு வந்தது. அந்த ரத்து மசோதாவும் இரு சபைகளிலும் விவாதமின்றி, ஒரே நாளில், குரல் வாக்கெடுப்பாலேயே நிறைவேறியது. சட்டம் வந்ததற்கும் பெயர்ப்பட்டியல் இல்லை, போனதற்கும் இல்லை. பொத்தானை அழுத்துவதற்குச் சில நிமிஷங்களே பிடிக்கும். கேட்டவர் ஒருவராயினும் சபையை ஒழுங்குபடுத்திக்கொண்டு அதைச் செய்திருக்கலாம் என்பதே இதை எழுதுபவரின் எண்ணம்.

பெயர்ப்பதிவு கட்டாயமாகிற சந்தர்ப்பமும் உண்டு. அரசியல் சட்டத்தைத் திருத்துவதற்குச் சபையின் மொத்த அங்கத்தினரில் பாதிக்கு மேலும், வந்து வாக்களித்தோரில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமலும் ஆதரவு வேண்டும். எண்ணாமல் இதைத் தீர்மானிக்க இயலாது. 2023 செப்டம்பரில் மாதர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ஸ்தானங்களை ஒதுக்கும் திருத்தம் லோக் சபையில் 454 வாக்குகள் பெற்றது. எதிராக விழுந்தவை 2. அந்த இருவரும் ஒரே கட்சியார். பட்டியலை மட்டும் பார்ப்பவர், மாதர் முன்னேற்றத்திற்கு இவ்விருவரும் விரோதிகள் என்று முடிவு கட்டிவிடுவார். விவாதத்தைப் படித்தால், பிற்பட்ட வகுப்பு மாதருக்கும் முஸ்லிம் மாதருக்கும் உள் ஒதுக்கீடு இல்லையே என்பது அவர்களுடைய ஆட்சேபம் என்று தெரிகிறது. அதை ஒருவர் ஒப்பலாம், மறுக்கலாம். பேச்சைப் படியாமல் வாக்கைப் படித்தால், இல்லாத குற்றம் ஒருவர் தலையில் ஏறும்.

இன்னொரு திருத்தம் நம் வீட்டு விஷயம். கூட்டுறவுச் சங்கம் அமைப்பதை அடிப்படை உரிமைகளில் சேர்த்து, டைரக்டர்கள் 21 பேருக்கு மேற்படலாகாது, பதவிக் காலம் ஐந்து வருஷம், போர்டில் மாதருக்கு இரண்டு ஸ்தானம் என்றெல்லாம் விதித்த 97-ஆவது திருத்தத்தை 2011-ஆம் வருஷ முடிவில் பாராளுமன்றம் நிறைவேற்றியது. 2012 பிப்ரவரியில் அது அமுலுக்கு வந்தது. கூட்டுறவு ராஜ்யங்களின் அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயம். ஆதலின் ராஜ்யச் சட்டசபைகளில் பாதிக்குக் குறையாதவற்றின் சம்மதத்தையும் பெற்றிருக்க வேண்டும். பெறவில்லை. 2013-இல் குஜராத் ஹைகோர்ட்டும், 2021 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டும் இதைச் சுட்டிக்காட்டின. பல ராஜ்யங்களில் கிளை பரப்பிய சங்கங்களுக்கு மட்டும் அப்பகுதி நிற்கும், ராஜ்யத்துக்குள் இயங்கும் சங்கங்களுக்குச் செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. இதைக் கருதிப் பாருங்கள். அன்று ஆம் என்று பொத்தானை அழுத்திய அங்கத்தினர் கூட்டுறவின் நண்பராகவே பதிவேட்டில் நிற்கிறார். நண்பராயிருந்ததிலும் ஐயமில்லை. வழி தவறியதை எந்தப் பச்சை விளக்கும் காட்டவில்லை.

வாக்குப் பதிவைப் படிப்பவர் மறக்கலாகாத மற்றொன்று கட்சிக் கொறடாவின் உத்தரவு. உத்தரவின் அடியில் ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு என்று இழுப்பது வழக்கம். மூன்று கோடு என்றால் கட்டாயம் வந்து, சொன்னபடி வாக்களிக்க வேண்டும். 1985-இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணையின்படி, கட்சியின் கட்டளைக்கு மாறாக வாக்களித்தாலும், வாக்களியாமல் இருந்தாலும், கட்சி பதினைந்து நாளுக்குள் மன்னித்தாலொழிய, அங்கத்தினர் பதவியை இழக்க நேரும். விலைக்கு வாங்கி மந்திரி சபைகளைக் கவிழ்த்த காலத்தில் இச்சட்டம் பிறந்தது. அதற்கு நியாயமான காரணம் இருந்தது. ஆனால் அதன் பின் வந்த பெயர்ப்பட்டியலில் காண்பது அங்கத்தினரின் மனச்சாட்சியா, கட்சியின் கட்டளையா என்று பிரித்தறிய வழியில்லை. 1999 ஏப்ரல் 17-ஆம் தேதி வாஜ்பாய் மந்திரிசபையின்மீது லோக் சபை வாக்களித்தபோது ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒரு வாக்கில் மந்திரிசபை விழுந்தது. அன்று தம் கட்சியின் கட்டளையை மீறி எதிர்த்து வாக்களித்த காஷ்மீர அங்கத்தினர் சைபுத்தீன் சோஸைக் கட்சி விலக்கியது. அவர் செய்தது சரியோ தவறோ, அந்தப் பட்டியலில் சொந்த முடிவு என்று உறுதியாகச் சொல்லத்தக்க பெயர்களில் அவருடையது ஒன்று.

நெசவாளர்களுக்கு ஒரு வார்த்தை. கைத்தறிக்கு உயிர்நாடியான விஷயம் வாக்கெடுப்புக்கே வராமலும் போகலாம். நூல் மில்கள் உள்நாட்டுச் சந்தைக்கு அனுப்பும் நூலில் ஒரு பங்கைச் சிட்டா நூலாகக் கட்ட வேண்டும் என்ற கட்டாயத்தை நாம் அறிவோம். கோன் நூல் விசைத்தறிக்குப் போகும். சிட்டா நூல்தான் நம் தறிக்கு வரும். அந்தப் பங்கு 50 சதவிகிதமாக இருந்தது. 2003-இல் 40 ஆயிற்று. 2019-இல் 30 ஆயிற்று. இவ்விரண்டு குறைப்புக்கும் பாராளுமன்றத்தில் மசோதா இல்லை. ஜவுளிக் கமிஷனரின் அறிவிக்கை ஒன்றே போதுமானதாயிருந்தது. நமது அங்கத்தினர் கைத்தறிக்கு விரோதமாக ஒரு நாளும் வாக்களிக்கவில்லை என்று பெருமை பேசலாம். கேட்கப்படாத வாக்கை எப்படி அளிப்பது?

இவ்விடத்தில்தான் கேள்விகள் உதவுகின்றன. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு மந்திரி எழுந்து பதில் சொல்ல வேண்டும், உபகேள்வியும் கேட்கலாம். லோக் சபையில் நாளொன்றுக்கு 20 அவ்வகைக் கேள்விகள் பட்டியலில் இடம்பெறும். வாய்மொழியாகப் பதில் பெறுவன சிலவே. மற்றவற்றுக்கு எழுத்தில் பதில் வரும். பெரோஸ் காந்தியை மீண்டும் நினைத்துக்கொள்ளுங்கள். வாக்குப் பட்டியலில் தேடினால் அவர் ஆளுங்கட்சியின் பெருங்கூட்டத்தில் ஒருவர். ஆனால் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன் தொடங்கிய மறு வருஷமே, சந்தாதாரர்களின் பணம் சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாய், முந்திரா என்ற தொழிலதிபரைச் சார்ந்த ஆறு கம்பெனிகளின் பங்குகளில் போடப்பட்டதை 1957 டிசம்பரில் சபையில் எழுப்பியவர் அவரே. நீதிபதி சக்ளா பகிரங்க விசாரணை நடத்தினார். 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாச்சாரி ராஜிநாமாச் செய்தார். சொந்தக் கட்சியின் மந்திரியை எதிர்த்து அவர் ஒரு வாக்கும் போட வேண்டியிருக்கவில்லை. கேள்வியும் பேச்சுமே போதியனவாயின.

கேள்வி எண்ணிக்கையிலும் ஏமாறலாகாது. நூறு கேள்விகளில் எண்பது, எந்த ஜில்லாவிலும் எவரும் கேட்கக்கூடிய பொதுக் கேள்வியாக இருக்கலாம். மந்திரிகள் கேள்வி கேட்பதில்லை, தனி மசோதா கொண்டுவருவதில்லை, ஆஜர்ப் புஸ்தகத்தில் கையெழுத்திடுவதுமில்லை. ஆகவே மந்திரியான அங்கத்தினருக்கு எதிரே பூஜ்யங்களைக் கண்டு வேலை செய்யாதவர் என்று துண்டுப் பிரசுரம் அடித்தால் அது அறியாமை, அல்லது விஷமம்.

ஆராய்ச்சி வட்டங்களுக்கு இம்மாதம் ஒரு வேலை. நம் தொகுதி அங்கத்தினரின் சென்ற மூன்று வருஷக் கேள்விகளைப் பாராளுமன்றத்தின் வெளியீட்டிலிருந்து எடுத்து, அவற்றில் நூல், சாயம், விளைபொருள் விலை, கூட்டுறவுக் கடன் இவற்றைப் பற்றியவற்றைத் தனியே எழுதி, மந்திரி கொடுத்த பதிலையும் பக்கத்தில் எழுதுக. பதிலுக்குப் பின் அதே விஷயத்தை அவர் மறுபடியும் தொடர்ந்தாரா என்பதை முக்கியமாகக் கவனிக்கவும். பின்னர், நம் தொழிலைத் தொட்ட மசோதா ஒன்றைத் தெரிந்தெடுத்து, அது டிவிஷனில் நிறைவேறியதா, குரலில் நிறைவேறியதா என்று பார்க்கவும். குரல் என்று கண்டால், சங்கத் தலைவரும் காரியதரிசியும் கையெழுத்திட்டு அங்கத்தினருக்கு ஒரு கடிதம் எழுதலாம்: "ஐயா, அன்று தாங்கள் சபையில் இருந்தீர்களா? இருந்தால், ஆம் என்றீர்களா, இல்லை என்றீர்களா?" பதில் வந்தாலும் வராவிட்டாலும், கடிதத்தின் நகலைத் தேதியுடன் மினிட் புஸ்தகத்தில் ஒட்டி வைத்து, அடுத்த மகாசபையில் படிக்கச் செய்க.